மாமா கடையில் ஒரு புது வெர்ஷன்!

வந்தவாசியில் என் தாய்மாமா ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். ஊர்ப் பெயரை நீங்கள் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1760 ஜனவரி 22-ம் தேதி ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுக்காரர் லாலியை அடித்துத் துரத்தியது இங்கேதான். வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் 'வாண்டிவாஷ்' என்றாகி, ஏதோ லாண்டரிக் கடைப் பெயர் மாதிரி பாடப் புத்தகங்களில் நின்றுவிட்டது. மற்றபடி, பாய்க்குப் பேர்போன ஊர். பட்டு வேண்டுமென்றால் நாற்பது கிலோமீட்டர் சொச்சம் பஸ் ஏறி ஆரணி போக வேண்டும். அப்படி ஏற முடியாதவர்களுக்காக மாமா போய் வாங்கி வந்து விற்கிறார். கூடவே ரெடிமேட் சட்டை, பேன்ட்.

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. காலை பத்தே கால் மணி. நான் சென்னையில், ஆபீஸில், முதல் காபியை வாயருகே கொண்டு போகிறேன். போன்.

"மாப்ளே, பில்லு வரலடா!"

"கம்ப்யூட்டர் ஆன் ஆகுதா மாமா?"

"ஆவுது. ஆனா நம்ம கம்ப்யூட்டர் மாதிரியே இல்ல. எவன் வீட்டுக் கம்ப்யூட்டரோ மாதிரி இருக்கு."

அன்றைக்கு என்ன விசேஷம் என்று கடை வைத்திருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜி.எஸ்.டி. விகிதம் மாறிய நாள். செப்டம்பர் 3-ம் தேதி கவுன்சிலில் முடிவெடுத்தார்கள். பத்தொன்பதே நாளில் அமலுக்கு வந்துவிட்டது. 12, 28 என்ற இரண்டு படிகளும் பெரும்பாலான பொருள்களுக்குப் போய், 5, 18 என்று சுருங்கியது. பட்டுச் சேலைக்குப் பழைய 5 சதவீதமே. ஆனால் ரெடிமேடில்தான் வேடிக்கை. இரண்டாயிரம் ரூபாய்ச் சட்டைக்கு ஞாயிறு வரை 12 சதவீதம், திங்கள் முதல் 5. மூவாயிரம் ரூபாய்ச் சட்டைக்கு ஞாயிறு வரை 12, திங்கள் முதல் 18. ஒரே அலமாரி, ஒரே தட்டு, ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது!

மாமா கடையின் பில்லிங் ஸாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தது ஒரு சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம், பாவம், நான்கே பேர். அவர்கள் சொல்லிவிட்டார்கள்: "ரேட் மாறணும்னா புது வெர்ஷன்தான் போட்டாகணும்." ஞாயிறு ராத்திரி கடையை மூடும்போது கல்லாப் பையன் 'அப்டேட்' என்ற பட்டனை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் வந்தால், ரேட் மாறியிருந்தது. வாஸ்தவம். கூடவே மற்றதெல்லாமும் மாறியிருந்தது. எட்டு வருஷமாக எஃப்-8 கீயைத் தட்டினால் பில் முடியும். பையன் திரையைப் பார்க்காமலே தட்டுவான். இப்போது எஃப்-8 செத்துப் போய், மூலையில் ஒரு பச்சைப் பொட்டு. மவுஸை நகர்த்தி அதில் குறிபார்த்து அடிக்க வேண்டும். வாடிக்கையாளரின் செல் நம்பர் கொடுக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்கே போகாது. பிறந்த தேதி வேறு கேட்கிறது, வாழ்த்து அனுப்புமாம். (கிராமத்திலிருந்து வேட்டி வாங்க வந்த பெரியவரிடம் "தாத்தா, பொறந்த தேதி?" என்று பையன் கேட்க, "எதுக்குடா, ஜாதகம் பாக்கவா?" என்றிருக்கிறார்.) எல்லாவற்றுக்கும் மேல், புது பில் வண்ண லோகோவோடு முழுத்தாள் அளவில் வருகிறது. மாமாவிடம் இருப்பதோ கைக்குட்டை அகலம்கூட இல்லாத சுருள் பேப்பர் பிரின்டர். பில்லின் இடது பாதி மட்டும் வந்தது. கடை பேர் உண்டு, சட்டை பேர் உண்டு. தொகை இல்லை.

இதையெல்லாம்கூட மாமா பொறுத்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பொறுக்காதது வேறு. ஆஃபரில், பத்து சதவீதத் தள்ளுபடியில் இரண்டு சட்டை வாங்கியவர் மறுநாள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால், அந்த ஸாஃப்ட்வேர் தள்ளுபடியை மறந்துவிட்டு முழு விலையைத் திருப்பித் தரச் சொல்லும். ஆயிரத்து எண்ணூறு வாங்கிக்கொண்டு இரண்டாயிரம் தருவது! ஒரு வருஷமாக போன் போட்டு, போன் போட்டு, "அடுத்த வெர்ஷன்ல வந்துடும்ணே" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்த அடுத்த வெர்ஷன் வந்தேவிட்டது.

அது மட்டும் அப்படியே இருந்தது.

"ஒரு வருஷமா கேட்டதை செய்யல. கேக்காததையெல்லாம் செஞ்சு வெச்சிருக்கான். இதுக்குப் பேரு இன்னாடா?"

"இதுக்குப் பேரு ஃபீச்சர் அப்டேட், மாமா."

"நான் கேட்டது?"

"அது பக் ஃபிக்ஸ்."

"ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?"

பதினாலு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்படி நேராக யாரும் கேட்டதில்லை. காபி ஆறிவிட்டது.

* * *

பதில் ஆரணியில் கிடைத்தது. அடுத்த ஞாயிறு ஊருக்குப் போயிருந்தபோது மாமா சரக்கு பார்க்க அழைத்துப் போனார். நெசவாளர் ஒருவரின் வீடு. கூடத்தில் குழித்தறி. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து ஏணி மாதிரி தொங்கும் அட்டை மாலை. ஒவ்வொரு அட்டையிலும் ஓட்டைகள். நாடா ஒரு தரம் போய் வருவதற்கு ஓர் அட்டை கணக்கு. ஓட்டை இருந்தால் அந்த இடத்து ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே எழும்பும்; ஓட்டை இல்லாவிட்டால் எழும்பாது. எழும்பு, எழும்பாதே. கம்ப்யூட்டரின் ஒன்று, பூஜ்யம் என்பதும் இதுவேதான்.

இதைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டு, லியோன் நகரத்துப் பட்டுத் தறிக்காக 1804-ல் செய்தார். அதே ஓட்டை அட்டை யோசனையை ஹோலரித் என்பவர் 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்குக்குப் பயன்படுத்தினார். அவர் கம்பெனியும் சேர்ந்துதான் பின்னால் ஐ.பி.எம். ஆனது. ஆக, ஆரணிக்காரர்கள் நமக்கு சீனியர்கள். நாம் ஏ.ஸி. ரூமில் செய்வதை அவர்கள் விசிறி இல்லாமல் செய்கிறார்கள்.

பேசிக்கொண்டே இருக்கும்போது ஓர் இழை அறுந்தது. தறியை நிறுத்தினார். ஆயிரக்கணக்கான இழைகளில் எது என்று எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, இரண்டு முனையையும் எடுத்து விரல் நுனியில் ஒரு முறுக்கு. மறுபடி 'டக்... டக்'. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அந்தச் சேலையைக் கட்டப் போகிற பெண்ணுக்கு இது ஜென்மத்துக்கும் தெரியாது.

"அட்டையிலேயே ஓட்டை தப்பா விழுந்திருந்தா?" என்றேன்.

"அன்னத்துக்குக் கண்ணு வராது" என்றார் சிரிக்காமல். "எத்தினி அன்னம் இருக்கோ அத்தினியும் குருடாயிடும். அந்த ஒரு அட்டைய மட்டும் கழட்டி, வேற அடிச்சுக் கோப்போம். ஓட்டை கூடுதலா விழுந்திருந்தா காகிதத்த ஒட்டி அடைச்சுடலாம்."

எனக்குப் புல்லரித்தது. நாங்கள் ஆபீஸில் 'பேட்ச்' என்கிறோமே, அந்த வார்த்தையே இப்படித்தான் வந்தது. ஆரம்ப காலக் கம்ப்யூட்டர்களுக்கு ப்ரோக்ராமை ஓட்டை அட்டையிலும் காகித நாடாவிலும்தான் கொடுப்பார்கள். தப்பான ஓட்டையின் மேல் நிஜமாகவே காகிதம் ஒட்டுவார்கள். ஒட்டுப் போடுவது!

"சரிங்க, இந்த பார்டர்ல அன்னத்துக்குப் பதிலா மயில் வேணும்னா?"

அவர் தறியை நிறுத்தி, மாமாவைப் பார்த்தார். 'யார் இந்தப் பிள்ளை?' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். "வேணும்னா வரும். மொதல்ல கட்டம் போட்ட பேப்பர்ல வரையணும். அதப் பாத்து அட்டை அடிக்கணும். கோத்து மேல ஏத்தி, கொஞ்சம் ஓட்டிப் பாக்கணும். அதுவும் இந்தச் சேலை முடிஞ்சப்புறம். பாதி அன்னம், பாதி மயில்னு குடுத்தா எவங்க வாங்குவா? பார்டர் கலரையே மாத்தணும்னா அதுவும் முடியாது. இந்தப் பாவு தீரணும். மூணு சேலை ஆவும்."

மாமா என் பக்கம் திரும்பினார். "உங்க ஆளுங்க பாதிச் சேலையில மயில வெச்சுட்டானுங்க" என்றார்.

* * *

இதை ஆபீஸ் பாஷைக்குக் கொண்டு வருவோம்.

அன்னத்துக்குக் கண் இருக்கும் என்று சொல்லித்தான் சேலையை விற்றோம். வரவில்லை. வரவைப்பது பக் ஃபிக்ஸ். ஏற்கெனவே கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது. அதனால் எதுவும் புதிதாகத் தெரியக்கூடாது. நன்றாகச் செய்திருந்தால் யாரும் பாராட்டவும் மாட்டார்கள். மயில் என்பது புது வாக்கு. நன்றாகவே இருக்கலாம். ஆனால் கை பழகியிருப்பது மாறும், பிரின்டர் மாறும், பையனுக்கு மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். அதனால் அதற்கு நேரம் பார்க்க வேண்டும்.

எது எது என்று பொட்டலத்தின் மேலேயே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் வெர்ஷன் நம்பரை மூன்று துண்டாக எழுதும் வழக்கம் வந்தது. 4.2.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி எண் மட்டும் ஏறி 4.2.8 ஆனால், ரிப்பேர் மட்டும், பயமில்லாமல் போடலாம். நடு எண் ஏறி 4.3 ஆனால், புது வசதிகள் உண்டு, பழையதும் ஓடும். முதல் எண் ஏறி 5 ஆனால், பழைய பழக்கம் சிலது செல்லாது, உட்கார்ந்து படித்துவிட்டுப் போடுங்கள். கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் ப்ரெஸ்டன்-வெர்னர் இதை விதிகளாகவே எழுதி வைத்தார். எல்லாரும் மதிக்கிறார்களா என்று கேட்காதீர்கள். மார்க்கெட்டிங்காரர்களுக்கு '4.2.8' என்று போஸ்டர் அடிக்கப் பிடிக்காது. '5' தான் பிடிக்கும்.

ரிப்பேர் மட்டும் என்றால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஐ.பி.எம்.மில் பெரிய ஸிஸ்டம் ஒன்றைக் கட்டிய ஃப்ரெட் ப்ரூக்ஸ், 1975-ல் எழுதிய புத்தகத்தில், ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொன்றை நுழைத்துவிடும் வாய்ப்பு 20 முதல் 50 சதவீதம் என்று கணக்குப் போட்டார். பல் பிடுங்கப் போய் பக்கத்துப் பல்லும் ஆட ஆரம்பிக்கிற கதை. இப்போது தானியங்கிப் பரிசோதனைகள் வந்து நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்டேட் போடுகிறவனைப் பார்த்து எங்கள் ஆபீஸில் இன்னும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

* * *

இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதுதான் இந்தத் தொழிலில் பெரிய சண்டை. ஏனென்றால் அதில் காசு இருக்கிறது. பக் என்றால் எங்கள் செலவில், வருடாந்தர ஒப்பந்தத்துக்குள் செய்து கொடுக்க வேண்டும். 'சேஞ்ச் ரெக்வெஸ்ட்' என்றால் ஆள், நாள் கணக்குப் போட்டு பில் அனுப்பலாம். ஆகவே கஸ்டமர் கண்ணுக்கு உலகத்தில் உள்ளதெல்லாம் பக். எங்கள் கண்ணுக்கு எல்லாமே புது ரெக்வெஸ்ட்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கஸ்டமருக்கு லீவு கணக்கு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை ஒரு லீவு, திங்கட்கிழமை ஒரு லீவு எடுத்தால் நடுவில் உள்ள சனி, ஞாயிறையும் சேர்த்து நாலு நாள் கழித்துவிட்டது. ஊழியர்கள் கொதித்தார்கள். "இது பக்!" என்றார் அவர்களுடைய மேனேஜர். "இல்லை ஸார், நீங்கள் கையெழுத்துப் போட்ட பேப்பரில் 'தொடர் விடுப்பு' என்றுதான் இருக்கிறது. சனி, ஞாயிறு பற்றி ஒரு வார்த்தை இல்லை" என்றார் எங்களுடையவர். "சனி, ஞாயிறு லீவுன்னு தனியா எழுதித் தரணுமா? சூரியன் கிழக்கே உதிக்கும்னும் எழுதணுமா?" மூன்று மீட்டிங். பதினோரு பேர். சமோசா தனி. கடைசியில் திருத்த ஆன நேரம் ஒரு மணி.

இத்தனைக்கும் இந்தச் சண்டையால்தான் சென்னையில் பாதிப் பேருக்கு இந்த வேலையே கிடைத்தது. ஒய்-டூ-கே ஞாபகம் இருக்கிறதல்லவா? வருஷத்தை 1975 என்று எழுதாமல் 75 என்று இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்ததால், 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் அதை 1900 என்று நினைத்துவிடும் என்ற பயம். அந்த இரண்டு இலக்கம் பிழையா? எழுதிய காலத்தில் மெமரி தங்க விலை. இடத்தை மிச்சம் பிடித்த கெட்டிக்காரத்தனம் அது. எழுதியவருக்கு வசதியாக இருந்தது, முப்பது வருஷம் கழித்து வந்தவருக்குப் பிழையாகிவிட்டது. உலகமே ஆள் தேடியது. நம் பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறினார்கள். நம் ஸாஃப்ட்வேர் தொழிலுக்கு அமெரிக்காவின் கதவை அகலமாகத் திறந்துவிட்டது ஒரு பக் ஃபிக்ஸ்தான்.

* * *

"எதுக்கு வம்பு? அப்டேட்டே போடாம இருந்துட்டா?" என்று மாமா திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார். நியாயமான கேள்வி. பல ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவரின் கொள்கையே இதுதான்.

மாமாவிடம் வானாக்ரை கதையைச் சொன்னேன். விண்டோஸில் ஓர் ஓட்டை இருந்தது. மைக்ரோஸாஃப்ட் 2017 மார்ச் 14-ம் தேதியே அதற்கு ஒட்டு வெளியிட்டுவிட்டது. புது வசதி எதுவும் கிடையாது, ஓட்டையை அடைத்தது மட்டும். பல பேர் போடவில்லை. மே 12-ம் தேதி, ஐம்பத்தொன்பது நாள் கழித்து, அந்த ஓட்டை வழியாக வைரஸ் புகுந்து ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுக் காசு கேட்டது. சுமார் 150 நாடுகள். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை அமைப்புகளில் 236-ல் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் அப்பாயின்ட்மென்ட் ரத்தாகியிருக்கும் என்று அங்கே கணக்கு சொன்னார்கள். ஆபரேஷனுக்குப் பட்டினியாக வந்து படுத்தவர்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்புவது என்றால் யோசித்துப் பாருங்கள். எந்தக் கத்தியும் துருப்பிடிக்கவில்லை. அப்டேட் போடவில்லை, அவ்வளவே.

நம் பக்கத்து உதாரணமும் உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் (இது வரி இல்லை, ஸார், கிராண்ட் ஸதர்ன் டிரங்க்) கூடுவாஞ்சேரி அருகே இருக்கிறது ஜோஹோ. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்த கம்பெனி. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு செய்கிற ஸாஃப்ட்வேர்கள் உலகம் முழுக்கப் பெரிய ஆபீஸ்களில் ஓடுகின்றன. அதில் ஒன்று, ஊழியர்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் தாங்களே மாற்றிக்கொள்வதற்கானது. 2021-ல் அதில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. ஆகஸ்டிலேயே திருடர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். கம்பெனி செப்டம்பர் 6-ம் தேதி '6114' என்ற எண்ணுள்ள திருத்தத்தை வெளியிட்டது. 16-ம் தேதி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் கடலோரக் காவல் படையும் சேர்ந்து "உடனே போடுங்கள்" என்று அறிக்கையே விட்டன. அதற்கும் பிறகு, 22-ம் தேதி முதல், இன்னொரு சுற்றுத் தாக்குதலில் ராணுவம், மருத்துவம், மின்சாரம், கல்வி என்று பல துறைகளில் குறைந்தது ஒன்பது நிறுவனங்களுக்குள் புகுந்துவிட்டார்கள். மருந்து கடைக்கு வந்து பதினாறு நாள் ஆகியும் வாங்கிச் சாப்பிடாதவர்கள்!

இதில் ஒரு சூட்சுமம். ஒட்டு வெளியானதுமே, ஓட்டை எங்கே இருக்கிறது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. சுவரில் புதுச் சிமென்ட் பூசிய இடத்தைப் பார்த்தால், அடுத்த வீட்டுச் சுவரில் எங்கே தட்ட வேண்டும் என்று தெரியாதா? ஆகையால் ரிப்பேர் அப்டேட்டைத் தள்ளிப் போடுவது, போடாதவரையில் நேற்று இருந்ததைவிட இன்றைக்கு அதிக ஆபத்து.

"அப்ப எல்லாத்தையும் உடனே போட்டுடணுமா?" என்றார் மாமா. பஸ் நடுவழியில் டீக்கு நின்றிருந்தது.

அதுவும் ஆபத்துதான் மாமா.

அமெரிக்காவில் நைட் கேபிடல் என்று ஒரு பங்குத் தரகுக் கம்பெனி. நியூயார்க் பங்குச் சந்தையின் புதுத் திட்டம் ஒன்றில் சேருவதற்காக 2012 ஆகஸ்ட் 1-ம் தேதி புது வசதி ஒன்றைப் போட்டார்கள். அசல் ஃபீச்சர் அப்டேட். எட்டு ஸர்வர்களில் ஏழில் போட்டாயிற்று. ஒன்றில் ஒருவர் மறந்துவிட்டார். புது வசதியைத் தூண்டும் ஸ்விட்ச், ஒரு காலத்தில் வேறு ஒரு பழைய ப்ரோக்ராமைத் தூண்டிக்கொண்டிருந்த ஸ்விட்ச். அந்தப் பழையதை 2003-லேயே பயன்படுத்துவதை விட்டுவிட்டார்கள், ஆனால் யாரும் அழிக்கவில்லை. எட்டாவது ஸர்வரில் அந்தப் பிசாசு எழுந்துகொண்டது. 212 சின்ன ஆர்டர்களுக்காக நாற்பத்தைந்து நிமிஷத்தில் நாற்பது லட்சத்துக்கும் அதிகமான முறை வாங்கி விற்றுத் தள்ளியது. நஷ்டம் 44 கோடி டாலருக்கும் மேல்!

சந்தை திறப்பதற்கு முன்பே ஸிஸ்டம் 97 எச்சரிக்கை மெயில் அனுப்பியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. (உங்கள் இன்பாக்ஸில் இப்போது படிக்காத மெயில் எத்தனை?) அதைவிடக் கொடுமை, பதற்றத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? புது வசதியால்தான் கோளாறு என்று நினைத்து, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஏழு ஸர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எட்டுப் பிசாசுகள். அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு இணைய வேண்டியதாயிற்று.

2024 ஜூலை 19-ஐ நீங்களே பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை, நம் நேரம் காலை 9.39. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. புது வசதியும் இல்லை, ரிப்பேரும் இல்லை. புது மாதிரித் திருட்டுகளை அடையாளம் காண ஒரு குறிப்பு. குறிப்பில் 21 விவரம் எதிர்பார்க்கப்பட்டது, ப்ரோக்ராம் கொடுத்தது 20. இருபத்தொன்றாவதைத் தேடிப் போய், இல்லாத இடத்தில் கை வைத்து, விண்டோஸையே கவிழ்த்துவிட்டது. எழுபத்தெட்டு நிமிஷத்தில் அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பல ஆபீஸ்கள் "புது வெர்ஷன் எங்களுக்கு உடனே வேண்டாம், ஒரு படி பின்தங்கியே வருகிறோம்" என்று ஜாக்கிரதையாகத்தான் வைத்திருந்தன. அந்த ஜாக்கிரதை வெர்ஷனுக்குத்தான் பொருந்தியது, இந்த மாதிரிக் குறிப்புக்கு இல்லை. முன் வாசலைப் பூட்டி வைத்தவர்கள் வீட்டில் பால்காரர் வழியாக வந்த வினை!

* * *

பெரிய ஆபீஸ்கள் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்ட வழக்கங்கள் சில உண்டு. ரிப்பேர் அப்டேட்டை நாலு கம்ப்யூட்டரில் போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டு, பிறகு நாற்பதில், பிறகு எல்லாவற்றிலும். மைக்ரோஸாஃப்ட் 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை என்று கிழமையே குறித்துவிட்டதால் (நமக்குப் பெரும்பாலும் புதன் காலை) ஆள்கள் தயாராக இருப்பார்கள். ஃபீச்சர் அப்டேட் மட்டும் மாதக்கணக்கில் தள்ளிப் போகும். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-ன் அரையாண்டுப் புது வெர்ஷன், சிலருடைய ஃபைல்களையே அழித்துவிட்டு, நாலே நாளில் நிறுத்தப்பட்டது. அவசரப்படாதவர்கள் அன்றைக்கு மீசையை முறுக்கிக்கொண்டார்கள். மருத்துவக் கருவி மாதிரி விஷயங்களுக்கு என்றே, பல வருஷத்துக்குப் புது வசதி எதுவும் வராமல் ரிப்பேர் மட்டும் வந்துகொண்டிருக்கிற விண்டோஸ் தனியாக உண்டு. ஸ்கேன் மெஷினுக்கு மயில் பார்டர் எதற்கு?

பாங்குகள் மார்ச் கடைசியில் எந்த மாற்றத்தையும் தொட விடாது. ஆன்லைன் கடைக்காரர்களுக்குத் தீபாவளி சீஸன் அப்படி.

மாமாவின் பிரச்னை என்னவென்றால், சட்டம் தீபாவளியைப் பார்த்து வருவதில்லை. இது மூன்றாவது ஜாதி. பிழையும் இல்லை, வசதியும் இல்லை; தலையெழுத்து. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி.யே வந்தது. பிறகு இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடி வியாபாரம் உள்ளவர்களுக்கு என்று ஆரம்பித்து, 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை வந்துவிட்டது. ஒவ்வொரு படிக்கும் ஓர் அப்டேட். அதே 2023 ஏப்ரலிலிருந்து, கம்பெனிகள் கணக்கெழுதும் ஸாஃப்ட்வேர், யார் எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள் என்ற சுவடை அழிக்க முடியாமல் வைத்திருக்க வேண்டும் என்று விதி. இதெல்லாம் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல முடியாத அப்டேட்டுகள்.

அதனால்தான் மாமாவின் கம்பெனி செய்தது தப்பு என்று நினைக்கிறேன். கட்டாயமாகப் போட்டாக வேண்டிய வரி மாற்றத்தோடு, கேட்காத பச்சைப் பொட்டையும் பிறந்த தேதியையும் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமென்றால் சோப்பும் வாங்கணும் என்பது மாதிரி. இன்னொன்று: 12, 5 ஆவதற்கு ப்ரோக்ராமையே மாற்ற வேண்டியிருந்ததே முதல் கோணல். வரி விகிதம் என்பது பக்கத்தில் ஒரு பட்டியலில் இருக்க வேண்டிய எண். மாற்றிவிட்டுப் போவதுதான்.

அந்த நான்கு பேர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். போன் செய்து பேசினேன். "ஸார், நூத்துச் சொச்சம் கடை. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பழைய வெர்ஷன்ல இருக்காங்க. ஒரு தப்பைத் திருத்தினா அதை ஆறு வெர்ஷன்லயும் தனித்தனியா திருத்தணும், ஆறுலயும் ஓட்டிப் பாக்கணும். எல்லாரையும் ஒரே வெர்ஷனுக்குக் கொண்டு வந்துட்டா நாங்க பொழச்சோம். அதான் வரியோட சேத்துத் தள்ளிட்டோம்" என்றார் ஒருவர், ஒளிக்காமல். "ரிட்டர்ன் கணக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "புது ஸ்கிரீன் பண்றதுல அது விட்டுப் போச்சு, ஸார்." புது வசதியைக் காட்டினால் புதுக் கடைக்காரர் வருவார். பழைய பிழையைத் திருத்தினால் பழைய மாமா சும்மா இருப்பார். சம்பளம் எதிலிருந்து வரும்?

அன்றைக்கு, அந்தத் திங்கட்கிழமை, மாமா என்ன செய்தார் என்று சொல்லவில்லையே. கிடங்கிலிருந்து பழைய பில் புத்தகத்தை எடுத்து, கார்பன் பேப்பரை வைத்து, கையாலேயே எழுதினார். வரியை நான் போனில் சொல்லச் சொல்ல. மூன்றாம் நாள் அந்தக் கம்பெனிக்காரர் ஒருவர் நேரில் வந்து, பில்லைச் சுருளுக்குள் அடக்கி, எஃப்-8-க்கு உயிர் கொடுத்து, செல் நம்பரை இஷ்டத்துக்கு விட்டுவிட்டுப் போனார். கையெழுத்து பில்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற பையனுக்கு இரண்டு ராத்திரி ஆனது.

தீபாவளி அக்டோபர் 20. அதற்கு எட்டு நாள் முன்பு மறுபடி போன்.

"மாப்ளே, மறுபடியும் அந்த அப்டேட் பட்டன் வந்து நிக்குது. பையன் கைய பிடிச்சு வெச்சிருக்கேன். இன்னான்னு பாருடா."

நம்பரைப் படிக்கச் சொன்னேன். கடைசி எண் மட்டும் ஏறியிருந்தது. குறிப்பில் ஒரே ஒரு வரி: 'தள்ளுபடி பில்லில் ரிட்டர்ன் தொகை சரிசெய்யப்பட்டது.'

"ராத்திரி கடை மூடினப்புறம், மொதல்ல உள்ள இருக்கிற பழைய கம்ப்யூட்டர்ல போட்டு ரெண்டு பில் போட்டுப் பாருங்க மாமா. எதுக்கும் இருக்கிற கணக்கையெல்லாம் பென் டிரைவ்ல ஏத்தி வெச்சுக்குங்க."

"அது கெடக்கட்டும். இதுல புதுசா ஏதாச்சும் இருக்குதா?"

"ஒண்ணுமே இல்ல மாமா."

"அப்ப போடுறேன்" என்றார்.